முட்டிக்கு நான் வெட்டிய மெத்தை

முட்டி மாற்றியது அம்மாவுக்கு. இறந்துபோனது அப்பா. இந்த இரண்டு வரியை எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். இன்னும் யாரோ வேறு வீட்டுச் சேதி மாதிரிதான் இருக்கிறது.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். கண்ணாடிக் கதவு மாட்டுகிற வேலை. கடைகளில் தள்ளினால் திறந்து தானாக வந்து மூடிக்கொள்ளுமே, அந்தக் கதவு. எழுதிப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவை நடக்க வைத்த ஷில்பா மேடம்தான், "நடந்தத எழுதுங்க ஆல்பர்ட், கூட இருக்குற ஆளுங்க படிக்கட்டும்" என்றார். நோயாளிக்கு என்ன செய்யணும் என்று சொல்ல ஆஸ்பத்திரி முழுக்க ஆள் இருக்கிறார்கள். கூட இருப்பவனுக்குச் சொல்ல யாருமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஜீவனஹள்ளியில், மாடியில். பதினான்கு படி. அம்மா ஜெபமாலை ஒரு ஹாஸ்டல் சமையல்கட்டில் இருபது வருஷம் நின்றே வேலை செய்தவள். அப்பா சவரிமுத்து ஒரு ஐடி கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. கல்யாணமான புதிதில் கோலார் தங்கவயலில் இருந்து காலை ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தவர்கள், நான் பிறந்த பிறகு இங்கேயே தங்கிவிட்டார்கள். அக்கா ரெஜினா கல்யாணமாகி சந்தாபுராவில் இருக்கிறாள். எங்கள் வீட்டு ஆட்கள் இவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். அம்மா வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் கையை நீட்டி மறிப்பார். "மேடம், ஐடி கார்டு ப்ளீஸ்." அம்மா கையில் மீன் பை இருக்கும். "இந்தாங்க கார்டு" என்று மீனை அவர் மூக்குக்கு நேரே நீட்டுவாள். நான் குழந்தையாக இருந்ததில் இருந்து இதே ஜோக்தான். எங்களுக்கு அலுக்கவே இல்லை.

அம்மாவுடைய வலது கால் கொஞ்சம் கொஞ்சமாக வில் மாதிரி வளைந்தது. முதலில் எண்ணெய் தேய்த்தோம். அப்புறம் பெல்ட். அப்புறம் முட்டிக்குள் ஊசி. கடைசியில் பதினான்கு படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் கன்னடக்காரர். நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். தொடை எலும்பும் கால் எலும்பும் ஒன்றோடு ஒன்று உட்கார்ந்திருந்தன. நடுவில் இருக்க வேண்டிய மெத்தை இல்லை.

"மாத்தணும்மா. பயப்பட வேண்டாம். முட்டி முழுசா எடுக்கறதில்ல. மேல் எலும்புக்கு இரும்புத் தொப்பி, கீழ் எலும்புக்கு இரும்புத் தட்டு, நடுவுல பிளாஸ்டிக்கு. அவ்வளோதான்."

மேசையில் ஒரு மாதிரி முட்டி இருந்தது. அதை மடக்கிக் காட்டினார். நான் அதுவரை முட்டி என்றால் கதவுக் கீல் மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். கீல் ஓர் இடத்தில் நின்று சுழலும். முட்டி அப்படியில்லை. மடங்கும்போது மேல் எலும்பு கீழ் எலும்பின் மேல் கொஞ்சம் உருளும், கொஞ்சம் வழுக்கும். கழன்று போகாமல் பிடித்துக்கொள்வது நார்கள். இரண்டு பக்கமும் இரண்டு. உள்ளே குறுக்காக முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் இருப்பதுதான், முட்டி மடங்கும்போது கால் எலும்பு பின்பக்கம் சரியாமல் பிடித்துக்கொள்கிறது.

செயற்கை முட்டியில் இரண்டு மாடல் அதிகம் போடுவார்களாம். ஒன்றில் அந்தப் பின் நாரை அப்படியே விட்டுவிடுவார்கள். இரும்பும் பிளாஸ்டிக்கும் நம் சொந்த நாரை நம்பி நிற்கும். இன்னொன்றில் பின் நாரை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கின் நடுவில் ஒரு குட்டித் தூண் வைத்திருப்பார்கள். மேல் தொப்பியில் குறுக்கே ஒரு கட்டை இருக்கும். முட்டி மடங்கும்போது கட்டை போய்த் தூணில் முட்டிக்கொள்ளும். நார் செய்த வேலையைத் தூண் செய்யும்.

"அம்மாக்கு நார் நல்லா இருந்தா வெச்சிக்கிறேன். சொந்தம் இருக்கும்போது எதுக்கு வெட்டணும்?" என்றார்.

அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. வெளியே வந்ததும் எல்லோரிடமும் சொன்னார், "சொந்தத்த வெட்ட மாட்டாராம்."

முதல் ஆபரேஷன் நல்லபடி நடந்தது. மறுநாளே நிற்க வைத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள். உள்ளே என்ன மாடல், என்ன சைஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். "ஜெபா, உன் முட்டிக்கு ஐடி கார்டு வந்துடுச்சி. இனிமே யாரு மறிச்சாலும் காமி."

டாக்டர் சொன்ன கட்டளைகள் நாலு. தரையில் உட்காரக் கூடாது. சம்மணம் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட்தான். மண்டி போடக் கூடாது, ஒரு வருஷத்துக்காவது.

நாலாவதைச் சொல்லும்போது அப்பா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது புரியவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று மாசம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது வெளியே உட்கார்ந்து நேர்ந்துகொண்டிருக்கிறார். அம்மா குச்சி இல்லாமல் நடந்துவிட்டால், மாதா திருவிழாவுக்கு அவளைக் கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் முழங்காலில் வர வைக்கிறேன் என்று.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நேந்துக்கிறதுதான் நேந்துக்கிட்டீங்க, உங்க முட்டிய நேந்துக்க வேண்டிதுதானே? ஆபரேஷன் பண்ண முட்டியவா?"

"எந்த முட்டிக்காகக் கேட்டனோ அந்த முட்டியதான தரணும்? எங்க ஊர்ல அப்படித்தாம்மா."

அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வாக்கு குடுத்தாச்சி. மாதா சும்மா விட்டாலும் என் மனசு விடாது. போறேன்."

அப்போதுதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

கண்ணாடியை வேனில் ஏற்றும்போது அடியில் வைக்க எங்களிடம் கெட்டியான ஃபோம் இருக்கும். எவ்வளவு எடை வைத்தாலும் நசுங்காது. அதில் முட்டிக்கு மெத்தை செய்யலாம் என்றேன். அம்மாவுக்கு முட்டிச் சில்லுக்கு மேலே ஆபரேஷன் தழும்பு. அது தரையில் படக் கூடாது. அதனால் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டினேன். கதவுக் கைப்பிடிக்குக் கண்ணாடியில் ஓட்டை போடுகிற மாதிரி, அளவெடுத்து. முட்டிச் சில்லு அந்த ஓட்டைக்குள் அந்தரத்தில் நிற்கும், எடை முழுக்க அதற்குக் கீழே, கால் எலும்பின் மேல் உட்காரும். இரண்டு அடுக்கு ஒட்டி, ஓரம் தைத்து, பின்னால் பட்டை வைத்தேன். என் வேலையிலேயே நல்ல வேலை அது. அம்மா கட்டிலின் மேல் போட்டுப் பார்த்துவிட்டு, "டேய், பஞ்சு மாதிரி இருக்குடா" என்றாள். அப்பா என் முதுகில் தட்டினார். அவர் அப்படித் தட்டுகிற ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடி. கண்ணாடிக்கு இரண்டு பயம்தான், கீறல், அடி. மெத்தை வைத்தால் இரண்டும் தீர்ந்தது. முட்டிக்கும் அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன்.

திருவிழா அன்று கோயிலில் நிற்க இடமில்லை. மாதாவுக்கு நேர்ந்து கட்டிய காவிப் புடவையும் மெழுகுவர்த்தியுமாகக் கூட்டம். முழங்காலில் போகிறவர்களுக்கு நடுவில் ஒரு வழி விட்டிருந்தார்கள். அம்மா மெத்தையை முட்டியில் கட்டிக்கொண்டு மண்டியில் இறங்கினாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பா. பாதி தூரம் போயிருப்போம். பின்னால் வந்த ஒரு பெண் தடுமாறி அம்மாவின் முதுகில் சாய்ந்துவிட்டாள். இரண்டு பேர் எடையோடும் அம்மா முன்னால் போய்த் தொம்மென்று இறங்கினாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. உள்ள என்னமோ சொடக்குன்னுச்சி. போலாம்."

பீடம் வரைக்கும் போனாள். அப்பா அழுதார், சந்தோஷத்தில்.

சாயங்காலம் வீட்டில் நாலாவது படி ஏறும்போது அம்மா, "ஐயோ" என்று என் தோளைப் பிடித்தாள். "முட்டி நழுவுதுடா."

அதற்கப்புறம் தினமும் நழுவியது. வலி பெரிதாக இல்லை. நேராக நிற்கும்போது ஒன்றுமே தெரியாது. படி இறங்கும்போது, நாற்காலியில் இருந்து எழும்போது, கால் அவள் சொன்னதைக் கேட்காது. முட்டி வீங்கியது. அவள் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். கால் வளைந்திருந்த காலத்திலாவது அது வருமா வராதா என்று அவளுக்குத் தெரியும். இப்போது ஒவ்வொரு அடியும் சந்தேகம்.

திரும்ப ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "விழுந்தீங்களா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றார் அப்பா. "தரையில கால் வெக்க விடல சார் நாங்க. நல்லா பாத்துக்கறோம்."

நான் அங்கேதான் நின்றேன். வாயை மூடிக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்ற பயம், இனிமேல் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அதோடு, நேர்த்திக்கடனை ஒரு தப்பு மாதிரி வெளி ஆள் முன்னால் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வராது.

விழவில்லை என்றதும் டாக்டர் வேறு வழியில் தேடினார். வீக்கம் இருந்தால் முதலில் கிருமியைத்தான் சந்தேகப்படுவார்களாம். செயற்கை முட்டியில் கிருமி புகுந்தால் லேசில் போகாது. ரத்தம் எடுத்தார்கள். முட்டிக்குள் பெரிய ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். அம்மா என் கையை நசுக்கிய நசுக்கில் என் விரல் இரண்டு நாள் வலித்தது. அந்த நீரை வைத்துக் கிருமி வளருதா என்று பார்க்க இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் ரத்த டெஸ்டுக்காக அம்மாவைத் திரும்பத் திரும்பக் கூட்டி வந்து, காத்திருப்பு அறையில் நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்தோம். அம்மாவைக் குத்தி எடுத்த ஊசி ஒவ்வொன்றும் எங்கள் பொய்க்காக என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். 

அப்போதே அவர் நெஞ்சைத் தடவிக்கொள்வார். "கேஸுடா. கேன்டீன் சாம்பார் ஒத்துக்கல." எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு சோடா குடிப்பார். ஏப்பம் வரும். "பாத்தியா, போச்சி" என்பார்.

ரிசல்ட் வந்தது. கிருமி இல்லை. டாக்டர் குழம்பிப் போனார். அம்மாவைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, கால் இரண்டையும் தொங்கவிடச் சொன்னார். இரண்டு கையாலும் கால் எலும்பைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளினார். இடது கால் அசையவில்லை. வலது கால் மேசை இழுப்பறை மாதிரி உள்ளே போனது. 

"பின் நார் போச்சி. நல்ல நாரு, நான் கையில தொட்டு பாத்தேன். தானா அறுந்து போகாது." அவர் குரல் மாறியது. "ஏனாய்த்து? இன்னா ஆச்சி, சொல்லுங்க."

 நான் என் டூல் பையில் இருந்து அந்த மெத்தையை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். ஏன் அதைப் பையிலேயே சுமந்துகொண்டிருந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ந்துகொண்டது, கோயில், சாய்ந்து விழுந்த பெண், சொடக்கென்ற சத்தம்.

அவர் திட்டவில்லை. மெத்தையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலை விரலால் தடவினார். பிறகு மாதிரி முட்டியை மடக்கி, மெத்தையின் மேல் மண்டியிட்ட மாதிரி வைத்து, மேலே அமுக்கினார். முட்டிச் சில்லு ஓட்டைக்குள் தொங்கியது. எடை முழுக்கக் கால் எலும்பின் தலையில் இறங்கியது. கால் எலும்பு பின்னால் போனது. மாதிரி முட்டியில் நாருக்காகக் கட்டியிருந்த ரப்பர் விறைத்து இழுபட்டது.

"மண்டி போட்ட எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனா உங்க அம்மா முட்டி இந்த ஒரு நார நம்பித்தான் நின்னுச்சி. நீ நல்லா பண்ணிருக்கேப்பா. ரொம்ப கரெக்டா பண்ணிருக்கே. எங்க தள்ளக் கூடாதோ அங்கதான் தள்ளுது."

மெத்தையை எடுத்துத் திரும்பப் பைக்குள் திணித்தேன். 

அடுத்து என்ன என்று சொன்னார். சின்ன வழி, பிளாஸ்டிக்கை மட்டும் மாற்றி, குழி ஆழமாக, விளிம்பு உயரமாக உள்ளதைப் போடுவது. கிண்ணத்தில் உருண்டை உட்காருகிற மாதிரி. ஆனால் அம்மா முட்டி தளர்ந்திருந்த அளவுக்கு அது போதாது. தூண் வைத்த மாடலுக்கு மாற்ற வேண்டும். தொப்பியையும் கழற்றி வேறு போட வேண்டும்.

நான் கேட்டேன், "சார், கீல் மாதிரி ரெண்டையும் சேத்தே பூட்டிட்டா? நழுவவே நழுவாதுல்ல?"

"அதுவும் இருக்கு. நீ கதவு வேலைதான? கனமான கதவ கீல்ல மாட்டினா எது லூஸ் ஆகும்? கீலா, நிலைப்படியா?"

"நிலப்படில போட்ட ஸ்க்ரூ."

"அதேதான். முட்டி எவ்வளோ இறுக்கமா பூட்டறோமோ, அவ்வளோ பாரம் எலும்புல ஒட்டின இடத்துக்குப் போகும். சீக்கிரம் ஆடும். அதனால எவ்வளோ வேணுமோ அவ்வளோதான் பூட்டணும். எல்லா நாரும் போனவங்களுக்குத்தான் கீலு."

அது எனக்குப் புரிந்தது. என் பன்னிரண்டு வருஷ வேலையை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். முன்னாடியே கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. மெத்தையை வெட்டும் முன்னாடி, இந்த அறைக்கு வந்து, சார் இது சரியா என்று ஒரு வார்த்தை.

வெளியே வந்ததும் அப்பா, "என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஏன்டா சொன்ன?" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இல்லை. "நேந்துக்கிட்டது நானு. வெட்டறது அவள."

இரண்டாவது ஆபரேஷனுக்கு அம்மாவைச் சேர்த்தபோது, கூட நான்தான் இருப்பேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், கையில் உருட்ட ஒரு ஜெபமாலை. அம்மாவுக்கு ஆப்பிளை நறுக்கிக் கொடுப்பார். தலை வாரிவிடுவார். அவருக்குச் சடை பின்னத் தெரியாது, கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கிவிடுவார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் சிரிப்பார். "இன்னாண்ணா, பொண்ணு பாக்க வராங்களா?"

"ஆமாக்கா. நான்தான் மாப்ள. திரும்பவும் புடிக்குதான்னு பாக்கணும்."

ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவுக்கு நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ஒரு தடவை சரியாக வரவில்லை என்று இரண்டாவது தடவையும். அப்பா அந்த மெஷினுக்குப் பக்கத்திலேயே, பேப்பர் நீளமாக வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கை நெஞ்சில். அம்மாவின் இதயத்தை இரண்டு முறை பார்த்தார்கள். இரண்டு அடி தள்ளி நின்ற இதயத்தை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதைப் படிக்கிற உங்களோடு நெஞ்சைத் தடவிக்கொள்ளும் ஆள் யாராவது இருந்தால், சோடா வாங்கித் தராதீர்கள். அங்கேயே ஒரு நர்ஸைக் கூப்பிடுங்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்குள்தான் இருக்கிறீர்கள். நாங்களும் ஆஸ்பத்திரிக்குள்தான் இருந்தோம்.

ஆபரேஷன் முடிந்து வந்த டாக்டர், கையை மடக்கிக் காட்டி, "தூண் பிடிச்சிக்கிச்சி. நல்ல டைட்டு" என்றார். அப்பா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை ஷில்பா மேடம் அம்மாவை நிற்க வைக்க வந்தார். வாக்கரைப் பிடித்து அம்மா எழுந்தாள். அவளுடைய முகம் முழுக்கப் பயம். கால் போய்விடும், போய்விடும் என்று காத்திருக்கிற முகம்.

"ரெண்டு காலுக்கும் சமமா பாரம் குடுங்க அம்மா. வலது கால நம்புங்க."

அப்பா கதவருகே நின்றிருந்தார். கையை நீட்டி மறித்தார். "மேடம், ஐடி கார்டு ப்ளீஸ்."

அம்மா சிரித்துவிட்டாள். வாக்கர் ஆடியது.

"நகபேடி! சிரிக்காதீங்க அம்மா, நில்லுங்க," என்று ஷில்பா மேடமும் சிரித்தார்.

அம்மா நின்றாள். முட்டி நழுவவில்லை. நாலு அடி நடந்தாள். அப்பா எண்ணினார், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறம் என்னிடம், "நீ பாத்துக்க, ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வார்டு கூட்டுகிற அக்கா வந்தார். "தம்பி, உங்க அப்பா வெளிய சேர்ல தூங்கறாரு. கூட்டணும் கால எடுங்கன்னேன், எழுந்துக்கல."

நானும் தூக்கம் என்றுதான் நினைத்தேன். தோளைத் தட்டினேன். அவர் உருட்டும் ஜெபமாலை மடியில் இருந்து வழுக்கிக் கீழே விழுந்தது. சின்னச் சத்தம். அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம். யாரோ கத்தினார்கள், ஸ்ட்ரெச்சர் வந்தது, இரண்டு டாக்டர்கள் மாறி மாறி அவர் நெஞ்சை அமுக்கினார்கள். நான் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு செருப்புதான். இன்னொன்று எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அவர்கள் நிறுத்திவிட்டதை நான் பார்க்கவே இல்லை.

மாரடைப்பு என்றார்கள். பல நாளாக அறிகுறி இருந்திருக்குமே என்றார்கள்.

திரும்பி வார்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"உங்கப்பா டீ குடிக்கப் போனாரா, டீ எஸ்டேட்டு வாங்கப் போனாரா?"

கீழே மருந்துக் கடையில் நிற்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அக்கா வந்துகொண்டிருந்தாள், அவள் வரட்டும், நாளைக்குச் சொல்லலாம், காயம் ஆறட்டும் என்றெல்லாம் ஒரு நொடியில் தோன்றியது. இதே ஆஸ்பத்திரியில் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். கட்டிலில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

அம்மா என்னையே பார்த்தாள்.  "இங்கதானடா நின்னாரு," என்றாள். கதவைக் காட்டினாள். "இங்க." அப்புறம் போர்வையை விலக்கினாள். "என்ன எழுப்பு. நான் போய் பாக்கணும். எழுப்புடா."

மூன்றாம் நாள் அடக்கம். டாக்டர் முதலில் முடியாது என்றார். கல்லறைத் தோட்டத்தில் தரை மேடு பள்ளம், ஒரு அடி தவறினால் எல்லாம் போச்சு. அம்மா அவரிடம் கெஞ்சவில்லை. "கல்யாணமாகி நாப்பது வருஷம் ஆயிடல சார், இருபத்தெட்டு வருஷம்தான். ஆனா நான் போகணும்," என்றாள். இரண்டு மணி நேரத்துக்கு அனுப்பினார். ஷில்பா மேடம் முட்டிக்குப் பட்டை கட்டி, வாக்கரோடு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார். "உக்காந்தே இருங்க அம்மா. நின்னா ரெண்டு காலுக்கும் சமமா. திரும்பக் கூடாது, மடக்கக் கூடாது."

குழிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியை நிறுத்தினோம். பெட்டியை இறக்கும் நேரம் அம்மா எழுந்துகொள்கிறேன் என்றாள். அக்கா வேண்டாம் என்றாள். அம்மா அதற்குள் வாக்கரைப் பிடித்து எழுந்துவிட்டாள். நான் வாக்கரின் காலை என் காலால் மண்ணில் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"முழந்தாள்படியிட்டுச் செபிப்போம்," என்றார் சாமியார்.

எல்லோரும் மண்ணில் முட்டி போட்டார்கள். அக்கா, அக்கா வீட்டுக்காரர், அப்பாவின் கம்பெனியில் இருந்து யூனிஃபார்மோடு வந்திருந்த நாலு செக்யூரிட்டிகள். அம்மா பிறந்ததில் இருந்து கேட்ட வார்த்தை அது. அந்த வார்த்தைக்கு அவள் உடம்பு தானாக இறங்கும். வாக்கர் வழியாக என் கைக்கு அது தெரிந்தது. அவள் பாரம் மாறியது. வலது முட்டி மடங்க ஆரம்பித்தது.

"அம்மா. வேணாம்மா."

அவள் நின்றாள். பாதி மடங்கிய இடத்தில் அப்படியே நின்றாள். அந்த இடத்தில்தான் முன்னாடி எப்போதும் நழுவும். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். அவ்வளவு பேர் மண்டியிட்டிருந்த இடத்தில் அவள் மட்டும் உயரமாகத் தெரிந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்தாள். ஸ்டிக்கர் ஒட்டிய புது அட்டை. குழிக்கு நேராக நீட்டிக் காட்டினாள்.

"பாத்துக்குங்க. அங்கயும் கேட்டுலதான் நிப்பீங்க. நான் வரும்போது மறிச்சீங்கன்னா நடக்கறதே வேற."

அட்டையைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். மண் விழ ஆரம்பித்தது. எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். எனக்கு அங்கே பார்க்கத் தைரியம் வரவில்லை. மூடி முடிக்கிற வரைக்கும் நான் அம்மாவின் வலது முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.